மலைநாட்டு ஜன்னல் திரை: அறிகுறியைப் பார்த்துப் பிழையைத் திருத்தும் வழி

ஜன்னல் திரை நனைகிறது, குளிர் உள்ளே வருகிறது என்றதும் தடிப்பான துணியாகத் தேடிப்போகிறோம். இலங்கை மலைநாட்டில் ஹட்டன், தலவாக்கலை பக்கத்து வீடுகளுக்குத் திரை தைத்துக் கொடுக்கும் என்னிடம் அதிகம் கேட்கப்படுவதும் அதுதான்: "அக்கா, இதைவிடக் கனமான துணி இருக்கா?" கனமான துணியால் தீர்கிற தொல்லைகள் சில உண்டு. ஆனால் லயன் காம்பராவிலும் (தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீட்டு அறை) 7 பேர்ச் காணியில் கட்டிய புது வீடுகளிலும் நான் பார்க்கும் தொல்லைகள் பெரும்பாலும் துணியால் வந்தவை அல்ல. அறைக்குள் தங்கும் ஈரத்தாலும், துணிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியாலும் வந்தவை. சம்பளக் காசை எடுத்துக்கொண்டு டவுனுக்கு இறங்கும் முன் அறிகுறியைப் பாருங்கள். அதைச் சரியாக வாசித்துவிட்டால் பழைய சேலையே போதும் என்று தெரியவரலாம்.

முதலில் ஜன்னலைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய லயன்களில் இருப்பது பெரும்பாலும் பலகை ஜன்னல், கண்ணாடி கிடையாது. புது வீடுகளில் மரச் சட்டத்திலோ அலுமினியச் சட்டத்திலோ ஒற்றைக் கண்ணாடி இருக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஊரும் கணக்கில் வரும். வட்டவளை, கினிகத்தேனை, மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை விடாது. வட்டவளையில் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. அதே மாதங்களில் பண்டாரவளை, பதுளை பக்கம் வறண்ட காற்றும் வெயிலும்தான். அங்கே ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான் நல்ல மழை. ஒருவருக்குப் பொருந்திய துணி மற்றவருக்குப் பொருந்தாமல் போவதற்கு இது பெரிய காரணம்.

காலையில் திரையின் கீழ்விளிம்பு நனைந்திருக்கிறது

இங்கேதான் அதிகம் பேர் தவறான மருந்து வாங்குகிறார்கள். தண்ணீர் மழையாக வந்ததா, அறைக் காற்றிலிருந்து வந்ததா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். படுக்கும் முன் ஜன்னல் படியில் காய்ந்த பேப்பர் ஒன்றை விரித்து வையுங்கள். காற்றோடு மழை அடித்த இரவில் மட்டும் பேப்பர் நனைந்தால், அதுவும் ஒரு மூலையில் மட்டும் நனைந்தால், சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் வெடிப்பு இருக்கிறது. அதற்குத் திரையை மாற்றி என்ன பயன்? கொஞ்சம் சீமெந்துக் குழையலோ சிலிக்கன் பசையோ வெளிப்பக்கமாக வைத்து அடைத்தால் முடிந்தது.

மழையே இல்லாமல், வானம் தெளிந்த தை மாதக் குளிர் இரவில் பேப்பர் நீளத்துக்கும் நனைந்திருந்தால் அது உங்கள் அறைக் காற்றில் இருந்த தண்ணீர். 20 பாகை செல்சியஸில் ஒரு கன மீற்றர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 பாகைக்குக் குளிர்ந்தால் 9 கிராம்தான் தாங்கும். மிச்சம் எங்காவது ஒட்ட வேண்டும், அறையில் இருப்பதிலேயே குளிர்ந்த இடத்தில் ஒட்டும். அந்த இடம் கண்ணாடி. 10 அடிக்கு 12 அடி, உயரம் 8 அடி உள்ள காம்பராவுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் 200 கிராமுக்குக் கிட்ட வரும், அதாவது ஒரு கிளாஸ் தண்ணீர். போதாததற்கு 4 பேர் படுத்து உறங்கினால் விடியும்வரை மூச்சிலும் வியர்வையிலும் ஒரு லிட்டர் அளவு நீராவி வெளியே வருகிறது. உள்ளே கொடி கட்டி ஈரத்துணி உலர்த்தினால் இன்னும் கூடும்.

இப்போது தடிப்பான திரை என்ன செய்கிறது என்று பாருங்கள். அறையின் சூட்டைக் கண்ணாடிக்குப் போகவிடாமல் மறிக்கிறது. அதனால் கண்ணாடி முன்னைவிடக் குளிர்கிறது. ஆனால் ஈரக்காற்று திரையின் பக்கவாட்டாலும் மேலாலும் நுழைந்து கண்ணாடியைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். ஆக, துணி கனமாகக் கனமாக அதன் பின்னால் வழியும் தண்ணீர் கூடுகிறது. "கம்பளியையே தொங்கவிட்டோம், இன்னும் மோசமாயிடுச்சு" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை.

செய்ய வேண்டியவை இவை. திரையின் கீழ்விளிம்பு படியைத் தொடக்கூடாது, ஒரு அங்குலமாவது மேலே நிற்கட்டும். படியைத் தாண்டிக் கீழே இறங்கும் நீளத் திரை என்றால் கம்பியை முன்னுக்கு இழுத்து, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் 2 முதல் 3 அங்குலம் விடுங்கள். தண்ணீர் வழிந்தாலும் துணியில் ஏறாது. படியில் பழைய துவாய்த்துண்டு ஒன்றைச் சுருட்டி வைத்துக் காலையில் பிழிந்து வெளியே காயப்போடுங்கள். எழுந்ததும் திரையை முழுக்க ஒதுக்கி, வெளியே மூடுபனி இல்லாத நேரம் பார்த்து, ஜன்னலையும் கதவையும் எதிரெதிரே 10 நிமிடம் திறந்து வைத்தால் இரவு முழுவதும் சேர்ந்த ஈரம் போய்விடும். குளிருது என்று பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். அந்த 10 நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கண்ணாடி ஜன்னலுக்கு இன்னொரு மலிவான வழி, சாமான் சுற்றி வரும் குமிழிப் பொலித்தீன். டீவி, ஃபிரிட்ஜ் விற்கும் கடைகளில் சும்மாகூடக் கொடுப்பார்கள். கண்ணாடியில் தண்ணீர் தெளித்து, குமிழி உள்ள பக்கம் கண்ணாடியைப் பார்க்க ஒட்டுங்கள், பசை வேண்டாம். குமிழிக்குள் அடைபட்ட காற்று சூட்டைப் பிடித்துவைக்கும், வெளிச்சமும் வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து மறுபடி ஒட்ட வேண்டும். அப்படியே மறந்து விட்டால் அதன் பின்னாலும் பூஞ்சணம் பிடிக்கும்.

கறுப்புப் புள்ளிகள், முற்றிய ஈர வாடை

பூஞ்சணம். சின்னப் பிள்ளைக்கோ வயதானவருக்கோ இழுப்பு இருக்கிற வீட்டில் இதைத் தள்ளிப்போட வேண்டாம். பூஞ்சண விதை காற்றில் பறந்து மூச்சுக்குள் போகிறது, இழுப்பைக் கூட்டுகிறது.

புள்ளி கீழ்விளிம்பில் மட்டும் இருந்தால் மேலே சொன்ன ஈரப் பிரச்சினை. மேலே, கம்பி நுழையும் மடிப்பில் இருந்தால் திரை சுவரோடு ஒட்டிக் காற்றோட்டம் இல்லாமல் கிடக்கிறது. திரை முழுவதும் தூவியது போல இருந்தால் துணி சரியாகக் காயும் முன் மாட்டப்பட்டிருக்கிறது. மழை மாதங்களில் இது மிகவும் சாதாரணம், தொட்டால் காய்ந்த மாதிரித்தான் இருக்கும்.

நீக்கும் முறை: திரையை வெளியே கொண்டுபோய் உதறுங்கள், அறைக்குள் உதறினால் விதை பரவும். வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, சவர்க்காரத் தூள் போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் இருபக்கமும் திருப்பிக் காயப்போடுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் கறை விடாவிட்டால் குளோரின் வெளுப்பானைக் கொஞ்சமாகப் பாவிக்கலாம். ஆனால் வினாகிரி போட்ட வாளியில் வெளுப்பானை ஊற்றவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அடைத்த அறையில் அது ஆளைச் சாய்த்துவிடும்.

பருத்தி பூஞ்சணத்துக்குச் சாப்பாடு மாதிரி. பொலியெஸ்டரில் பூஞ்சணத்துக்கு ஊட்டம் கிடையாது, அதில் படியும் தூசியிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும்தான் வளரும். ஆகவே ஹட்டன், வட்டவளை பக்கம் பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்த துணிதான் என் தேர்வு. சீக்கிரம் காயும். பதுளைப் பக்கத்தில் பருத்தியே நல்லது. எங்கே இருந்தாலும் ஒரு ஜன்னலுக்கு இரண்டு சோடி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நன்றாகக் காயும்வரை மற்றது தொங்கட்டும். விலை உயர்ந்த ஒரு சோடியைவிட மலிவான இரண்டு சோடி இந்த மழைக்கு ஏற்றது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜன்னலைச் சாத்தியும் திரை ஆடுகிறது

காற்று எங்கிருந்து வருகிறது என்று ஊதுபத்தியைக் கொளுத்திச் சட்டத்தைச் சுற்றி மெதுவாகக் கொண்டுபோங்கள். திரையைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், தீப்பொறி பட்டால் பொலியெஸ்டர் ஓட்டையாகிவிடும். புகை நேராக எழும்பாமல் எங்கே வளைகிறதோ அங்கேதான் ஓட்டை.

ஜன்னல் கதவும் சட்டமும் சேரும் இடத்தில் இடைவெளி என்றால் பழைய கம்பளியில் அரை அங்குலக் கீலம் வெட்டி ஒட்டுங்கள். ஹார்ட்வெயார் கடையில் ஒட்டும் நுரைப்பட்டியும் கிடைக்கும், அது ஈரத்தில் சில மாதங்களில் கழன்றுவிடுகிறது, கம்பளிக் கீலம் அதைவிட நாள் தாங்குகிறது. மரம் இறுகி விரிசல் விட்ட பலகை என்றால் விரிசலில் மரத்தூளும் பசையும் குழைத்து அடையுங்கள்.

ஓட்டைகளை அடைத்த பிறகும் குளிர் என்றால் அப்போதுதான் துணிக்கு வர வேண்டும். ஒரு கனத் துணிக்குப் பதில் இரண்டு மெல்லிய துணி போடுங்கள், நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டு. குளிரை மறிப்பதில் அந்த நடுக்காற்றுக்குப் பெரிய பங்கு. பகலில் வெளிச்சத்துக்கு உள்திரையை ஒதுக்கினால் போதும், இரண்டும் தனித்தனியே துவைக்கவும் காயவும் லேசு. ஜன்னலின் இரு பக்கமும் 6 அங்குலம் சுவரை மூடும்படி அகலம் விடுங்கள். சரியாக ஜன்னல் அளவுக்கே தைத்தால் ஓரத்தால் குளிர் வழிந்துகொண்டிருக்கும்.

பலகை ஜன்னல்: சாத்தினால் இருட்டு, திறந்தால் குளிர்

லயன் பிள்ளைகள் பகலிலும் லைட் போட்டுப் படிப்பதற்கு இதுதான் காரணம். எந்தத் திரையும் இதற்குத் தீர்வாகாது. கழற்றி மாட்டக்கூடிய பொலித்தீன் சட்டம் ஒன்று செய்யுங்கள். இதைத்தான் எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்கிறேன், இவ்வளவு குறைந்த காசில் இவ்வளவு வெளிச்சம் வேறெதிலும் கிடைக்காது.

ஜன்னல் குழியை உட்பக்கமாக அளந்து, நாலு பக்கமும் கால் அங்குலம் குறைத்து, ஒரு அங்குல ரீப்பரால் (மெல்லிய மரச் சலாகையால்) சட்டம் அடியுங்கள். மூலைகளுக்கு உள்ளே முக்கோணத் துண்டு வைத்து ஆணி அடித்தால் கோணாது. தெளிவான, தடிப்பான பொலித்தீனை ஒரு பக்கம் ஆணி அடித்து, எதிர்ப்பக்கத்தில் இழுத்துப் பிடித்து அடியுங்கள். மெல்லிய பொலித்தீன் காற்றில் படபடத்து ஒரு மழைக்காலத்திலேயே கிழியும். பொலித்தீனின் மேல் நேரே ஆணி அடிக்காமல் மெல்லிய மரக்கீலமோ பழைய பெல்ட் துண்டோ வைத்து அடித்தால் ஆணி இடத்தில் கிழியாது. முடிந்தால் சட்டத்தின் இரு முகத்திலும் போடுங்கள். நடுவில் ஒரு அங்குலக் காற்று நிற்கும், ஒற்றைக் கண்ணாடியைவிடக் குளிரை நன்றாகத் தடுக்கும். சட்டம் விழாமல் நிற்க, ஜன்னல் குழியின் ஓரத்தில் நாலு மரத்துண்டுகளை ஒற்றை ஆணியில் சுழலும்படி அடித்தால் திருப்பித் திறக்கலாம், திருப்பிப் பூட்டலாம்.

மேல் மூலை ஒன்றில் இரண்டு விரல் அகலம் காற்று போக விடுங்கள். இந்தச் சட்டத்தை வைத்து அறையை முழுவதும் அடைத்துவிட்டு, குளிருக்குத் தணல் சட்டியை உள்ளே வைத்துப் படுப்பது உயிருக்கே ஆபத்து. தணலிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது, தூக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. தணல் வெளியே இருக்கட்டும்.

மழை நேரே அடிக்கும் பக்கம் என்றால் வெளிப்புறம், ஜன்னலுக்கு மேலே, கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்கில் (தார்ப்பாய் விரிப்பில்) பழசானது ஒன்றைச் சரிவாகக் கட்டி இறக்குங்கள். கீழ்முனையில் ஒரு தடி கோத்துவிட்டால் காற்றுக்குத் தூக்காது. உரச்சாக்கை இதற்குப் பாவிக்க வேண்டாம், கழுவினாலும் உரத்தூள் மீந்து நிற்கும், வெயிலில் இழை இழையாக உதிரும்.

இரவில் வெளியே இருந்து எல்லாம் தெரிகிறது

பகலில் மறைக்கும் நெட் துணி இரவில் மறைக்காது. வெளிச்சம் எந்தப் பக்கம் கூடவோ அந்தப் பக்கம்தான் தெரியும். லைட்டைப் போட்டுவிட்டு இஸ்தோப்புக்கு (முன் திண்ணைக்கு) வந்து நின்று நீங்களே பாருங்கள். உருவம் தெரிந்தால் இருண்ட நிறத்தில் உள்திரை வேண்டும். பல்பு ஆட்களுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருந்தால் நிழல் குறையும், ஆட்களுக்குப் பின்னால் இருந்தால் திரையில் நிழல் விழும். பல்பை இடம் மாற்றுவது துணியைவிட மலிவு. வரிசையாக வாசல்கள் இருக்கும் லயனில் கீழ்ப்பாதியை மட்டும் மறைக்கும் அரைத்திரை போதும். மேலால் வெளிச்சம் வரும், துணியும் பாதி மிச்சம்.

கம்பி தொய்கிறது, சுவரை விட்டுக் கழன்று வருகிறது

பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்பிரிங் கம்பி 3 அடி ஜன்னலில் மெல்லிய துணிக்குப் பரவாயில்லை. அதைத் தாண்டினால் நடுவில் ஒரு கொக்கி வேண்டும். கனத் துணிக்கு வயரிங் வேலைக்குப் பாவிக்கும் பிளாஸ்டிக் குழாயை எடுங்கள், துருப்பிடிக்காது. நீளம் 4 அடிக்கு மேல் என்றால் குழாய்க்குள் ஒரு மெல்லிய தடியை விட்டுவிடுங்கள்.

பழைய லயன்களின் கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவரில் ஆணி நிற்காது, தூள் கொட்டும். புது வீட்டு சீமெந்துக் கல்லில் குழிப்பாகத்தில் அடித்துவிட்டால் அதுவும் நிற்காது. நேரே சுவரில் போராடாமல், ஜன்னலின் மரச் சட்டத்திலேயே கொக்கியைத் திருகுங்கள். அதற்கு வழியில்லை என்றால் ஜன்னலைவிட ஒரு அடி நீளமான பலகை ஒன்றைச் சுவரில் பல இடத்தில் பிளக் இறக்கி ஸ்குரூ அடித்து நிறுத்தி, கொக்கிகளைப் பலகையில் மாட்டுங்கள். பாரம் பரவிவிடும்.

துவைத்ததும் கட்டையாகிவிட்டது

பருத்தித் துணி முதல் துவையலில் சுருங்கும். வெட்டும் முன்பே ஒரு இரவு ஊறவைத்துக் காயவைத்து எடுங்கள். தைத்துக்கொண்டு வந்த திரை ஏற்கெனவே கட்டையாகிவிட்டால் கீழே வேறு நிறத்தில் ஒரு பட்டி சேர்க்கலாம், பார்வைக்கும் அழகாகத்தான் இருக்கும்.

பழைய நூல் சேலையில் இந்தத் தொல்லை இல்லை, அது சுருங்க வேண்டிய அளவு சுருங்கியாயிற்று. ஒரு சேலை ஏறக்குறைய 5.5 மீற்றர் நீளம், 45 அங்குல அகலம். அகலத்தையே திரையின் உயரமாக வையுங்கள். மேல்மடிப்பும் கீழ்மடிப்பும் 4 அங்குலம் போனால் 41 அங்குலம் மிஞ்சும், 3 அடி உயர ஜன்னலுக்குத் தாராளம். சுருக்கம் அழகாக விழ ஜன்னல் அகலத்தைப்போல இரண்டு மடங்கு துணி வேண்டும், 3 அடிக்கு 6 அடி. அப்படியென்றால் 18 அடிச் சேலை ஒன்று மூன்று ஜன்னலுக்கு வரும். ஒரு பக்கத்துக் கரை மேல்மடிப்புக்குள் போய்ப் பலம் கொடுக்கும், மறுகரை கீழே அலங்காரமாக நிற்கும். ஜரிகைக் கரை என்றால் அதைக் கீழே விட வேண்டாம், ஈரத்தில் கறுத்துப்போகும்.

திரையில் புகை மணம், கரிப் பிசுக்கு

விறகடுப்புக்குப் பக்கத்து ஜன்னலில் துணித் திரையே வேண்டாம் என்பது என் முடிவு. பொலியெஸ்டர் எரியும்போது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், பருத்தி சட்டென்று பற்றிக்கொள்ளும். ஒரு காம்பராவில் பிடித்த தீ லயன் முழுவதும் ஓடிவிடுகிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த துயரம். அந்த ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்து, இரவில் பலகைக் கதவைச் சாத்தினால் போதும், பகலில் புகை போகவும் வழி இருக்கும்.

படுக்கும் அறைத் திரையிலும் புகை மணம் ஏறுகிறது என்றால் அடுப்படிக்கும் அறைக்கும் நடுவிலுள்ள வாசலில் ஒரு திரை தொங்கவிடுங்கள். அடுப்பிலிருந்து குறைந்தது 4 அடி தள்ளி, தரையிலிருந்து அரை அடி மேலே நிற்கும்படி. கரி படியும் துணி என்பதால் அடர்ந்த நிறப் பருத்தியாக இருக்கட்டும், வாரம் ஒருமுறை துவையுங்கள். மழை நாளில் துவைத்த திரையை அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, இஸ்தோப்பின் கூரைத் தகரத்துக்குக் கீழே, காற்று ஓடும் பக்கமாக இரண்டு நாள் தொங்கவிடுங்கள். அதற்குத்தான் அந்த இரண்டாவது சோடி.